நிலம் யாருக்குச் சொந்தம்?

பணம் சேர்த்தவர்கள் நிலம் வாங்குவது உலக வழக்கம். வாங்கிய நிலத்தைச் சுற்றி வேலி போடுவதும், வேலிக்குள் யாரும் வரக்கூடாதென்று பலகை நாட்டுவதும், விலை ஏறட்டும் என்று காத்திருப்பதும் அதே வழக்கத்தைச் சேர்ந்தவைதான். சுமார் இருபது லட்சம் ஏக்கர் நிலத்தை விலை கொடுத்து வாங்கி, அதிலிருந்த வேலிகளைப் பிடுங்கி எறிந்து, கடைசியில் நிலத்தின் பெரும் பகுதியை அந்தந்த தேசத்து ஜனங்களுக்கே இனாமாகக் கொடுத்துவிட்ட மனிதர் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவது சிரமம். அதிலும் அவர் அந்த தேசத்தாரல்ல; அன்னியர். அமெரிக்க ஐக்கிய நாட்டு வியாபாரி.

அவர் பெயர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ். அவர் நிலம் வாங்கிய இடம் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள சிலியும் அர்ஜென்டினாவும். "வாங்குகிறேன், காப்பாற்றுகிறேன், பிறகு உங்களிடமே தருகிறேன்" என்ற கருத்தில் அவர் பேசியபோது சிலி தேசத்தார் நம்பவில்லை. நம்பாதது அவர்களுடைய குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். அன்னியன் ஒருவன் தேசத்தின் நடுவில் லட்சக்கணக்கான ஏக்கரைச் சொந்தமாக்கிக் கொள்ளும்போது சும்மா இருக்கும் ஜனங்களுக்கு ரோஷம் இல்லை என்றே சொல்லவேண்டும். ஆனால் சந்தேகம் நியாயமாயிருந்ததா, சந்தேகப்பட்டவர்களெல்லாம் நியாயவான்களாயிருந்தார்களா என்பது வேறு கேள்வி. அதை விசாரிப்பதற்காகவே இந்த மனிதரின் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

மலையேறியின் கடை

டாம்ப்கின்ஸ் 1943ஆம் வருஷம் ஓஹையோ மாகாணத்தில் பிறந்தார். நியூயார்க் மாகாணத்தில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு அவருக்குப் படிப்பு மலைதான். 1966இல் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், மனைவி ஸூஸியுடன் சேர்ந்து, மலையேறுவோருக்கும் பனிச்சறுக்கு விளையாடுவோருக்கும் வேண்டிய சாமான்களை விற்கும் சிறு கடை ஒன்றைத் திறந்தார். 'நார்த் பேஸ்' என்று அதற்குப் பெயர். மலையின் வடமுகம் என்று பொருள். பூமியின் வடபாதியில் வெயில் படாமல் உறைந்து கிடப்பதும், ஏறுவதற்கு மிகக் கடினமானதும் மலையின் வடமுகமே. இன்று உலகமெங்கும் தெரிந்த அந்தப் பெயரை டாம்ப்கின்ஸ் சில வருஷங்களுக்குள் 50,000 டாலருக்கு விற்றுவிட்டார்.

1968இல் அவரும் ஈவான் ஷூயினார் முதலிய நண்பர்களும் ஒரு மோட்டார் வண்டியில் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டு, இரண்டு அமெரிக்கக் கண்டங்களின் நீளத்தையும் கடந்து, தெற்கே பாட்டகோனியாவுக்குப் போனார்கள். அங்கே பிட்ஸ்ராய் சிகரத்தில் புது வழியாக ஏறி உச்சியை அடைந்தார்கள். ஆறு மாத யாத்திரை. காற்றும் பனியும் ஓயாத அந்தப் பிரதேசம் இரண்டு நண்பர்களின் மனத்திலும் பதிந்துவிட்டது. ஷூயினார் பிற்பாடு தமது கம்பெனிக்குப் 'பாட்டகோனியா' என்றே பெயர் வைத்தார். டாம்ப்கின்ஸ் தமது ஆயுளின் பிற்பாதியையே அதற்குக் கொடுத்தார்.

ஆனால் நடுவில் இருபது வருஷம் அவர் சுத்த வியாபாரி. ஸூஸியும் அவருடைய தோழி ஒருவரும் சிறு அளவில் ஆரம்பித்த பெண்கள் உடை வியாபாரம், டாம்ப்கின்ஸும் சேர்ந்த பிறகு 'எஸ்பிரிட்' என்ற பெரிய கம்பெனியாயிற்று. பல தேசங்களில் கடைகள். கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். துணியின் நிறம், கடையின் விளக்கு, விலைச்சீட்டின் எழுத்து எல்லாவற்றிலும் அவருடைய கண் படும். சிறு விஷயம் என்று எதையும் விடமாட்டார். இந்தக் குணம் பிற்காலத்தில் காட்டுக்குள்ளும் அவரை விடவில்லை.

கணக்குத் தீர்த்தல்

நாற்பது வயதுக்கு மேல் அவருடைய மனம் மாறத் தொடங்கிற்று. நார்வே தேசத்து தத்துவ அறிஞர் ஆர்னே நேஸ் என்பவரின் எழுத்துக்கள் அவர் கைக்குக் கிடைத்தன. நேஸும் மலையேறி. மகாத்மா காந்தியின் சத்தியாக்கிரக முறையை ஆழ்ந்து படித்து நூல்கள் எழுதியவர். மரமும் மிருகமும் ஆறும் மனிதனுக்குப் பிரயோஜனப்படுவதால் மட்டும் மதிப்புப் பெறவில்லை. அவற்றின் ஜீவனுக்குத் தனி உரிமை உண்டு என்பது அவருடைய கொள்கையின் சாரம். நம் தேசத்தாருக்கு இதில் புதுமை அதிகமில்லை. ஆனால் துணி வியாபாரி ஒருவருக்கு அது பெரிய சங்கடத்தை உண்டாக்கிற்று. தேவையில்லாத சாமானைத் தேவையென்று ஜனங்களை நினைக்கச் செய்வதல்லவா நமது தொழில், அந்தச் சாமானுக்காக அல்லவா காடும் ஆறும் அழிகின்றன என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

இப்படிப்பட்ட எண்ணம் பல பணக்காரர்களுக்கு வருவதுண்டு. வந்தால் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொஞ்சம் நன்கொடை எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் பழையபடி கடைக்குப் போய்விடுவார்கள். டாம்ப்கின்ஸ் கடையையே விட்டார். 1989, 1990ஆம் வருஷங்களில் எஸ்பிரிட் கம்பெனியில் தமக்கிருந்த பாகத்தை விற்றார். அந்தப் பணத்தை மூலதனமாக வைத்துக் காடுகளைக் காப்பதற்கான ஸ்தாபனங்களை ஏற்படுத்தினார். 1991இல் சிலியின் தெற்கே, ரெஞ்ஞிவே என்னும் கடற்கழியின் ஓரத்தில், பாதி பாழாய்க் கிடந்த ஒரு பண்ணையை வாங்கி அங்கேயே குடியேறினார். 1993இல் கிறிஸ்டீன் மக்டிவிட் என்ற அம்மையாரை மணந்தார். இவர் ஷூயினாரின் பாட்டகோனியா கம்பெனியைத் தலைமை நிர்வாகியாக இருந்து நடத்தியவர். இருவரும் வியாபாரத்தில் கைதேர்ந்தவர்கள். அதே திறமையை நிலம் வாங்குவதில் காட்டினார்கள்.

அந்தப் பிரதேசத்தின் காட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இடைவிடாத மழை; மலைச்சரிவிலிருந்து கடல் வரையில் அடர்ந்த வனம். அதில் 'ஆலெர்சே' என்று ஒரு மரம் உண்டு. 1993இல் வெளியான ஆராய்ச்சியில் ஒரு ஆலெர்சே மரத்தின் வளையங்களை எண்ணி அதன் வயது 3,622 வருஷம் என்று கண்டார்கள். அதன் பலகை எளிதில் மக்காது; கூரை வேய்வதற்கு அதைப்போல் வேறில்லை. அந்தப் பலகையே நாணயமாகச் செலாவணியான காலமும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட மரத்தைக் கண்ட இடமெல்லாம் வெட்டித் தீர்த்தார்கள். 1976இல் சிலி சர்க்கார் உயிருள்ள ஆலெர்சேயை வெட்டக்கூடாதென்று தடுத்தார்கள். சட்டம் இருந்தது; காவல்தான் போதவில்லை. இன்னும் தெற்கே, ஐசேன் பிரதேசத்தில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேய்ச்சல் நிலத்துக்காகக் குடியேறியவர்கள் வைத்த தீயில் லட்சக்கணக்கான ஏக்கர் காடு எரிந்து சாம்பலாயிற்று. காட்டை அழித்து நிலத்தைத் திருத்தினால்தான் உரிமைப்பட்டா என்று சர்க்காரே சொல்லியிருந்த காலம் அது.

சிலியின் சந்தேகம்

டாம்ப்கின்ஸ் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த நிலம் சுமார் எட்டு லட்சம் ஏக்கராயிற்று. அதற்குப் 'புமாலின்' என்று பெயர். பசிபிக் கரையோரத்துக் கடற்கழிகளிலிருந்து அர்ஜென்டினாவின் எல்லை வரையில் அது பரவியிருந்தது. சிலியோ ஒரு நாடாவைப்போல் குறுகி நீண்ட தேசம். அதன் குறுக்கே ஓர் அன்னியரின் சொத்து! தேசத்தை இரண்டாக வெட்டிவிட்டான் என்ற கூக்குரல் எழுந்தது.

இந்தக் கூக்குரலின் காரணத்தை வாசகர்கள் உணரவேண்டும். சிலி தேசம் 1973 முதல் 1990 வரையில் ராணுவ சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தது. 1978இல் தென்கோடித் தீவுகள் சம்பந்தமாக அர்ஜென்டினாவோடு யுத்தம் மூளும் தறுவாய்க்கு வந்து, போப்பாண்டவரின் மத்தியஸ்தத்தால் தப்பியது. தெற்குப் பிரதேசத்தை வடக்கோடு இணைக்கும் சாலையை ராணுவ சர்க்கார் 1976இல் தொடங்கினார்கள். அந்தச் சாலை புமாலின் பக்கத்தில்தான் அறுந்து நின்றது; அங்கே படகில் ஏறித்தான் போகவேண்டும். சாலை எந்த வழியாகப் போகவேண்டும் என்பதில் சர்க்காருக்கும் டாம்ப்கின்ஸுக்கும் நெடுநாள் தகராறு. எல்லைப்புறம் காலியாயிருக்கக் கூடாது, ஜனங்கள் குடியேறவேண்டும் என்று எண்ணிய தேசத்தில், காடு காடாகவே இருக்கட்டும் என்று சொன்ன அமெரிக்கரை யார் நம்புவார்கள்?

ஆகவே வதந்திகள் பறந்தன. அணுசக்திக் கழிவைப் புதைக்க இடம் தேடுகிறான் என்றார்கள். யூதர்களுக்குத் தனி ராஜ்யம் அமைக்க வந்திருக்கிறான் என்றார்கள். அமெரிக்க உளவு இலாகாவின் ஆள் என்றார்கள். தேசத்தின் நன்னீரையெல்லாம் கைப்பற்ற வந்தவன் என்றார்கள். மனிதர்களைவிட மரங்களே இவனுக்குப் பெரிது என்று சிலர் சொன்னார்கள். இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு முழுவதும் பொய்யல்ல. அவர் அக்கம்பக்கத்து ஜனங்களைக் கலந்துகொள்ளாமலே காரியங்களைத் தொடங்கினார். பேச்சில் பணிவு கிடையாது. நிலத்தின் பெரும் பகுதி அங்கே வசிக்காத சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கியது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. ஆனாலும் பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஏழைக் குடியானவர்களின் பயத்தை அந்தப் பதில் போக்கிவிடவில்லை.

புமாலினை இரண்டாகப் பிரித்து நடுவில் கிடந்தது ஹுயினாய் என்ற நிலம். சுமார் 84,000 ஏக்கர். அது ஒரு கத்தோலிக்க சர்வகலாசாலைக்குச் சொந்தம். அதை டாம்ப்கின்ஸ் வாங்க முயன்றபோது சர்க்கார் குறுக்கிட்டார்கள். தேசத்தின் பத்திரத்தை முன்னிட்டு அன்னியர் கைக்கு அது போகக்கூடாது என்பது வாதம். 1998இல் அந்த நிலம் எண்டெஸா என்ற சிலி மின்சாரக் கம்பெனியிடம் போயிற்று. மறுவருஷமே அந்தக் கம்பெனி ஸ்பெயின் தேசத்து முதலாளிகளின் ஆதிக்கத்துக்குள் சென்றது! காட்டைக் காக்கிறேன் என்ற அன்னியருக்கு மூடிய கதவு, ஆற்றைத் தேக்கி மின்சாரம் விற்கும் அன்னியருக்குத் தானாகத் திறந்தது. பிற்பாடு ஹுயினாயில் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தேசபக்தியின் பெயரால் எழும் கூச்சலில் எவ்வளவு பங்கு தேசத்துக்காக, எவ்வளவு பங்கு மர வியாபாரத்துக்காகவும் மீன் பண்ணைக்காகவும் எழுகிறது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு சம்பவமே போதும்.

டாம்ப்கின்ஸ் ஓடிவிடவில்லை. 1997இல் சர்க்காரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். புமாலினில் நடைபாதைகளும் தங்கும் குடில்களும் கட்டி, எல்லோரும் இலவசமாக வந்துபோகலாமென்று திறந்துவிட்டார். வந்து பார்த்தவர்களில் பெரும்பாலோர் சிலி தேசத்தாரே. வதந்திகளுக்கு அதைவிடச் சிறந்த பதில் இல்லை. 2005இல் ஜனாதிபதி ரிக்கார்டோ லாகோஸ் புமாலினை இயற்கைச் சரணாலயமென்று பிரகடனம் செய்தார். அதே வருஷம், டாம்ப்கின்ஸும் அவர் நண்பர் ஒருவரும் கொடுத்த இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தோடு சர்க்கார் நிலமும் சேர்ந்து கோர்கோவாடோ தேசீயப் பூங்கா உண்டாயிற்று. அதற்கு முந்திய வருஷம் அர்ஜென்டினாவில், கிறிஸ்டீன் அம்மையாரின் ஸ்தாபனம் வாங்கிக் கொடுத்த கடற்கரை நிலத்தில் மோன்டே லெயோன் தேசீயப் பூங்கா ஏற்பட்டிருந்தது.

வேலி பிடுங்கிய பண்ணை

2004இல் வாங்கிய சக்காபூக்கோ பள்ளத்தாக்கின் கதை இன்னும் விசேஷமானது. அது காடல்ல, புல்வெளி. சுமார் 1,73,000 ஏக்கர் ஆட்டுப்பண்ணை. பல்லாயிரக்கணக்கான ஆடுகள் மேய்ந்து மேய்ந்து மண் தேய்ந்துபோயிருந்தது. டாம்ப்கின்ஸ் தம்பதிகள் ஆடுகளை விற்றார்கள். தொண்டர்கள் பல தேசங்களிலிருந்து வந்து நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ள கம்பிவேலியைக் கையால் சுருட்டி எடுத்தார்கள். புல் திரும்ப வளர்ந்தது. ஒட்டக ஜாதியைச் சேர்ந்த குவானாக்கோக்கள் மந்தை மந்தையாக வந்தன. சிலி தேசத்தின் முத்திரையிலேயே இடம்பெற்றும் அழியும் நிலைக்கு வந்துவிட்ட வேமுல் மானுக்கும் ஒரு புகலிடம் ஏற்பட்டது.

பக்கத்து ஊராருக்கு இது பிடிக்கவில்லை. ஆட்டு மேய்ப்பே அவர்களுடைய பிழைப்பும் பெருமையும். நல்ல பண்ணையை ஒரு பணக்காரன் வேண்டுமென்றே பாழாக்குகிறான் என்று கொதித்தார்கள். இந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. உத்தியோகம் போன குடும்பத்துக்கு மான் திரும்பி வந்த செய்தி சோறு போடாது. அந்தப் பண்ணையாட்களில் சிலருக்குப் பூங்காவிலேயே வேலை கிடைத்தது. ஆடுகளைக் காக்கப் பூமாச் சிறுத்தையைத் தேடிச் சுட்டவனே, சிறுத்தையின் அடிச்சுவட்டைப் பார்த்து அதன் நடமாட்டத்தைக் கணக்கெடுக்கும் ஆளானான். எல்லோருக்கும் அப்படிக் கிடைத்ததா என்றால், இல்லை. இந்த வகைக் காரியங்களில் இது ஒரு தீராத குறை.

வடக்கு அர்ஜென்டினாவில், கொரியந்தெஸ் மாகாணத்து இபெரா சதுப்பு நிலத்திலும் அவர்கள் சுமார் 3,70,000 ஏக்கர் வாங்கினார்கள். அங்கே மறைந்துபோயிருந்த பெரிய எறும்புதின்னியை 2007 முதல் கொண்டுவந்து விட்டார்கள். அர்ஜென்டினாவிலும் அன்னியர் நிலம் வாங்குவதைக் குறித்துக் கிளர்ச்சி எழுந்தது. 2011இல் அந்த தேசத்தார், நாட்டுப்புற நிலத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் அன்னியர் வசம் போகக்கூடாதென்று சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் நோக்கத்தை யாரும் குறைகூற முடியாது.

இந்த வருஷங்களில்தான் பேக்கர், பாஸ்குவா என்ற இரண்டு ஆறுகளில் ஐந்து அணைகள் கட்டி, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சாரக் கம்பி இழுக்கும் திட்டம் கிளம்பிற்று. எண்டெஸாவும் மற்றொரு கம்பெனியும் சேர்ந்து போட்ட திட்டம். அதை எதிர்த்த இயக்கத்துக்கு டாம்ப்கின்ஸ் பணமும் யோசனையும் உதவினார். ஆனால் வென்றது அவருடைய பணமல்ல. 2011இல் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது ஸாந்தியாகோ நகரத்தின் வீதிகளில் பல்லாயிரக்கணக்கான சிலி ஜனங்கள் திரண்டார்கள். 2014இல் சர்க்கார் திட்டத்தை நிராகரித்தார்கள். இருபது வருஷத்துக்கு முன் அன்னியரின் பைத்தியம் என்று சொல்லப்பட்டது, அப்போது தேசத்தாரின் சொந்தக் குரலாகிவிட்டது.

மரணமும் சாசனமும்

2015ஆம் வருஷம் டிசம்பர் 8ந் தேதி, ஹெனரல் கரேரா என்னும் ஏரியில் ஷூயினார் முதலிய நண்பர்கள் ஆறுபேராகச் சிறு படகுகளில் போய்க்கொண்டிருந்தார்கள். பெருங்காற்றடித்து டாம்ப்கின்ஸ் இருந்த படகு கவிழ்ந்தது. பனி உருகிய நீரில் நெடுநேரம் கிடந்ததால் உடற்சூடு இறங்கி, கொயாயிக்கே ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். வயது 72. சக்காபூக்கோ பள்ளத்தாக்கிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். வாங்கிய லட்சக்கணக்கான ஏக்கரில் கடைசியாக அவருக்கு மிஞ்சியது ஆறடிதான்.

ஆனால் அவர் மனைவி துக்கத்தில் முடங்கிவிடவில்லை. 2018 ஜனவரி 29ந் தேதி, ஜனாதிபதி மிஷெல் பாச்செலெட்டும் கிறிஸ்டீன் அம்மையாரும் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். அம்மையார் தரப்பில் சுமார் பத்து லட்சம் ஏக்கர். சிலி சர்க்கார் தமது நிலத்திலிருந்து சேர்த்தது சுமார் தொண்ணூறு லட்சம் ஏக்கர். ஆக, ஒரு கோடி ஏக்கர் நிலத்தில் ஐந்து புதிய தேசீயப் பூங்காக்கள் உண்டாயின. மூன்று பழைய பூங்காக்கள் விரிந்தன. எந்தப் புமாலினைத் தேசத்தை வெட்டும் கத்தியென்று வைதார்களோ, அந்தப் பூங்காவுக்கே சிலி ஜனங்கள் டாம்ப்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். அதே வருஷம் டிசம்பரில் அர்ஜென்டினா பார்லிமெண்ட் இபெராவைத் தேசீயப் பூங்காவாக்கிற்று. 2021 ஜனவரியில், சுமார் எழுபது வருஷமாக அங்கே காணாமற்போயிருந்த ஜாகுவார்ப் புலியொன்று தன் இரண்டு குட்டிகளோடு அந்தச் சதுப்பு நிலத்தில் மறுபடி கால் வைத்தது.

நாம் அறியவேண்டியது

டாம்ப்கின்ஸை மகானாக்குவது நமது நோக்கமல்ல. அவர் கொடுத்த பணம், அவரே வெறுத்த ஒரு வியாபாரத்தில் வந்தது. ஒரு தேசத்தின் காடு காப்பாற்றப்படுவதற்கு ஒரு கோடீசுவரரின் மனமாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது அந்த தேசத்துக்கும் உலகத்துக்கும் பெருமையல்ல. எல்லாக் கோடீசுவரர்களும் மனம் மாறப்போவதில்லை. மாறினவர்களெல்லாம் கொடுத்துவிட்டுப் போகப்போவதுமில்லை. கொடுத்த பிறகு காக்கவேண்டியது சர்க்கார். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். அதற்கென்று தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தச் சிலி தேசத்தார் 2023இல்தான் சட்டம் செய்தார்கள்.

ஆயினும் சொத்துரிமை என்பதற்கு அவர் ஒரு அர்த்தம் காட்டினார். செல்வன் தன் செல்வத்துக்கு எஜமானன் அல்ல, தர்மகர்த்தா என்று காந்தியடிகள் சொன்னார். அது நடவாத காரியம் என்று புன்னகை செய்தவர்கள் அநேகர். எங்கோ ஒரு மூலையில், வேறொரு வழியாக வந்து, ஒரு மனிதர் அதைப் பெருமளவு நடத்திக் காட்டியிருக்கிறார். வாங்கும்போது வியாபாரியாயிருந்தார், வைத்திருக்கும்போது காவற்காரனாயிருந்தார், கடைசியில் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

அன்னியன் நிலம் வாங்கினால் சந்தேகப்படுவது தேசத்தின் உரிமை, கடமையும்கூட. சிலி ஜனங்கள் அவரைக் கேட்ட கேள்விகளெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளே: இந்த நிலத்தை என்ன செய்யப் போகிறாய்? யாருக்காக? எவ்வளவு காலத்துக்கு? பிறகு யாரிடம் விடுவாய்? நாம் சொல்வது ஒன்றுதான். அந்தக் கேள்விகளைக் காடு வளர்க்க வந்தவனிடம் மட்டும் கேட்டு, காடு வெட்ட வந்தவனிடம் கேட்காமல் விடக்கூடாது. அன்னியனிடம் மட்டும் கேட்டு, சொந்த தேசத்து நிலச்சுவான்தாரிடம் கேட்காமல் விடவும் கூடாது. டாம்ப்கின்ஸ் இருபத்தைந்து வருஷம் பதில் சொன்னார். கடைசிப் பதிலைச் சாசனமாக எழுதியும் கொடுத்தார்கள். மற்றவர்களுடைய பதில் எங்கே?